களக்காட்டில் ஒரு விமானிக் கத்தி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முப்பது வருடம் பாலிடெக்னிக்கில் உலோகவியல் நடத்தியவளுக்கு அது இல்லாமல் போயிருந்தால் பின்வரிசைக்காரர்கள் என்னை விழுங்கியிருப்பார்கள். ஆனால் இந்தத் தடவை அதே வாய் என்னைக் கோயம்புத்தூரிலிருந்து களக்காடு வரை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

நான் போர் விமானிகளின் உயிர்காப்புக் கத்திகளைச் சேர்ப்பவள். விமானம் விழுந்து, பாராசூட்டில் காட்டிலோ கடலிலோ இறங்கியவன் பிழைத்து வருவதற்காக உடம்போடு கட்டிக்கொள்ளும் கத்தி அது. உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் ஒன்றை வாங்கியதில் ஆரம்பித்த கிறுக்கு, இப்போது ஒரு பீரோவை நிறைத்துவிட்டது. அவற்றைப் பற்றி இணையத்தில் எழுதவும் செய்கிறேன். அதைப் படித்துவிட்டு ஒரு பெண் படம் ஒன்று அனுப்பினாள். பெயர் இசக்கியம்மாள். களக்காட்டுப் பக்கம் ஒரு ரேஷன் கடையில் வேலை.

உறையில் செருகிய கத்தி. தோல் வில்லைகளை அடுக்கிச் செய்த பிடி. பிடியின் அடியில் சுத்தியலாகவும் பயன்படும் கனமான அறுகோணக் குமிழ். உறையின் முகப்பில் சாணைக்கல் வைக்க ஒரு குட்டிப் பை. இறந்துபோன அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்ததாம். அப்பா சங்கரபாண்டி விமானப்படையில் பாராசூட் மடித்து, விமானிகளின் உயிர்காப்புப் பைகளை அடுக்கிக் கொடுக்கும் பிரிவில் இருந்தவராம். இது அசல்தானா என்று கேட்டிருந்தாள்.

ஐந்தே நிமிடத்தில் பதில் போட்டேன். "அசல். சந்தேகமே வேண்டாம். அப்பா பொக்கிஷம் கொண்டுவந்திருக்கிறார். வாழ்த்துகள்."

இரண்டு நாள் சத்தமே இல்லை. பிறகு ஒரு குரல் பதிவு வந்தது. அழுது முடித்த குரல்.

"அப்ப எங்க அப்பா தூக்கிட்டுத்தான் வந்தாவளா அக்கா? அரசாங்கத்துது ஒரு நூலுகூட நம்ம வீட்டுக்குள்ள வரலைன்னு சாவுத வரைக்கும் சொன்னாவ. சித்தப்பா கத்தியைப் பாத்துட்டு, எங்க அண்ணன் திருடன்னு ரேஷன் கடை வாசல்ல நின்னு சொல்லிட்டாவ. இப்பம் நான் சீனி நிறுத்தா சனமெல்லாம் தராசைத்தான் பாக்கு. நீங்களாவது அது அசல் இல்லைன்னு சொல்லுவியன்னு நெனச்சேன்."

நான் போட்ட வாழ்த்துகளை நினைத்து எனக்கே கூசியது. விமானிகளின் கத்தி கணக்கு வைத்துக் கொடுத்து, கணக்கு வைத்துத் திரும்ப வாங்கப்படும் பொருள். அசல் என்று நான் சொன்னால் அந்த மனிதர் திருடினார் என்றுதானே அர்த்தம். கையில் எடுத்துப் பார்க்காமல் சொன்னது தப்பு, நேரிலேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க என் அசல் ஒன்றைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன்.

காலையில் திருநெல்வேலியில் இறங்கியதும் அந்தத் துணிச் சுருள்தான் முதல் வேலை வைத்தது. ரயில் நிலைய வாசலில் பெட்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்த காவலர் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

"அக்கா, இந்த ஊர்ல வந்து கத்தியோட இறங்குதியளே" என்றார். கோபமெல்லாம் இல்லை. என் உடல்நலத்தைப் பற்றிய கவலைதான் இருந்தது.

அவருடைய அதிகாரி வரும் வரை எனக்குக் கால்மணி நேரம் கிடைத்தது. முப்பது வருடப் பழக்கம், விடுமா? பாடம் எடுத்துவிட்டேன். இரண்டாம் உலகப்போரில் விமானிகளின் பைக்குள் மடக்குகிற வெட்டுக்கத்தி வைத்தார்கள், காட்டில் விழுந்தால் புதரை வெட்டிக்கொண்டு வர. ஜெர்மன்காரன் ஒற்றைக் கையால் திறக்கும் கத்தி செய்தான். ஒரு நெம்பை அழுத்திக் கீழ்நோக்கிப் பிடித்தால் அலகு தன் கனத்திலேயே வெளியே விழும். இன்னொரு கை பாராசூட் கயிற்றில் மாட்டியிருந்தால் என்ன செய்வான் பாவம். ஜெட் விமானம் வந்த பிறகு அமெரிக்கன் செய்ததுதான் இது, பிறகு மற்ற நாட்டு விமானப்படைகளும் எடுத்துக்கொண்டன. முதலில் அலகு ஆறு அங்குலம். உடம்பில் கட்ட நீளம் அதிகம் என்று ஐந்தாகக் குறைத்தார்கள். உறையின் நுனியில் தகடு ஏன் தெரியுங்களா? விழுகிற வேகத்தில் கத்தி உறையைக் கிழித்து அவன் தொடையிலேயே ஏறிவிடக் கூடாது.

காவலர் கத்தியைத் திருப்பிப் பார்த்தார். "முதுகுல எதுக்கு ரம்பம்? மரம் அறுக்கவா?"

"மரம் இல்லைங்க. விமானத்தையே அறுக்க. கதவு திறக்கலைன்னா அலுமினியத் தகட்டை அறுத்துட்டு வெளியே வரணும்."

அதிகாரி வந்து என் பெயர், முகவரி, வயது எல்லாம் எழுதி வாங்கிக்கொண்டார். "ஊரை விட்டுப் போவுத வரைக்கும் வெளிய எடுத்துராதிய" என்று காவலர் பெட்டியைத் தானே மூடிக் கொடுத்தார்.

மதியம் டவுன் பக்கம் ஒரு மெஸ்ஸில் சொதி கிடைத்தது. தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்களும் வேகவைத்த குழம்பு. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி, கடிக்க உருளைக்கிழங்கு சிப்ஸ். எங்கள் ஊரில் தேங்காய்ப்பால் என்றால் ஆப்பத்தோடு முடிந்துவிடும். இங்கே அதைச் சோற்றில் ஊற்றிக் குளமாக்குகிறார்கள். நான் மூன்றாவது முறை கேட்டபோது பரிமாறியவர், "பைய சாப்பிடுங்க, சட்டி எங்கனயும் ஓடிராது" என்றார். கோவையில் இதையே "நல்லா இருக்குதுங்களா" என்று சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள்.

அந்தச் சொதிதான் காலை வாரியது. பாபநாசம் பேருந்தில் ஏறி, சேரன்மகாதேவியில் இறங்கிக் களக்காட்டுக்கு மாற வேண்டும். வயிறு நிறைந்து, ஜன்னல் காற்றும் வயலும் சேர்ந்துகொள்ள, கண் செருகிவிட்டது. முழித்துப் பார்த்தால் கல்லிடைக்குறிச்சி.

"சேரன்மாதேவில இறங்கணும்னா முழிச்சிட்டுல்லா இருக்கணும்" என்றார் நடத்துநர். நியாயம்தான்.

திரும்பும் பேருந்துக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. அப்பளக்கட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு ஆற்றுப் படித்துறைக்கு நடந்தேன். எங்கள் சிறுவாணித் தண்ணீருக்கு நிகரில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்பவள் நான். தாமிரபரணியில் காலை வைத்ததும் கொஞ்சம் அடக்கமாகிவிட்டேன். வெளியே சொல்லவில்லை. குளித்துக்கொண்டிருந்த ஒருவரின் ரப்பர் செருப்பு ஆற்றோடு போயிற்று. அவர் பாட்டுக்குத் தலையைத் துவட்டினார். "விடும் வே, மிதக்குத பொருள் எங்க போவப்போவுது, கீழ்ப் படித்துறையில நிக்கும்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

என் பீரோவில் இருக்கும் ஆங்கிலேயர் கத்தி ஒன்று நினைவுக்கு வந்தது. கடலில் விழுந்த விமானி ஏறிக்கொள்ளும் ரப்பர் படகில் வைத்தது. பிடி முழுக்க நெட்டி மாதிரி லேசான தக்கை. கை நழுவினாலும் மிதக்கும். நுனியை வேண்டுமென்றே மழுக்கியிருப்பார்கள், படகைக் குத்திவிடக் கூடாதே. ரஷ்யன் பனிக்காட்டை நினைத்து, முதுகில் ரம்பம் வைத்த வெட்டுக்கத்தியை இருக்கைக்குக் கீழே வைத்தான். எவன் எதற்குப் பயந்தானோ அதற்கேற்ற கத்தி. சங்கரபாண்டி எதற்குப் பயந்து ஒன்றைப் பெட்டிக்குள் வைத்திருந்தார் என்று யோசித்துக்கொண்டே பேருந்து ஏறினேன்.

களக்காடு போய்ச் சேர சாயங்காலம் நான்கு மணி. ஊரைச் சுற்றி வாழை, வாழைக்குப் பின்னால் மலை. இசக்கியம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். ரேஷன் கடையைப் பூட்டிவிட்டு நேராகப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்திருந்தாள். கையில் சீனி ஒட்டியிருந்தது. வீட்டில் காப்பி கொடுத்தாள், முறுக்கு வைத்தாள், பிறகு கத்தியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். நான் கை நீட்டியும் கையில் கொடுக்கவில்லை.

"கைக்குக் கை குடுத்தா சண்டை வரும் அக்கா. ஏற்கனவே இருக்குத சண்டை போதும்."

என் கத்தியைப் பக்கத்தில் வைத்தேன். நீளம் ஒன்று. குமிழ் ஒன்று. பிடிக்கு மேலே உள்ள குறுக்குத் தகட்டில் இரண்டு துளைகள், ஒரு கம்பில் வைத்துக் கட்டினால் ஈட்டியாகிவிடும், அதுவும் ஒன்று. எடுத்துத் தூக்கிப் பார்த்தேன், கனமும் ஏறக்குறைய ஒன்றுதான். இந்தப் பெண்ணிடம் எந்த முகத்தோடு மறுபடியும் அசல் என்று சொல்வது?

கடைசியாக முழு அலகையும் உருவி, முதுகுப் பக்கம் கட்டைவிரலை ஓட்டினேன். பிடியிலிருந்து நுனிக்கு ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போயிற்று. நுனியிலிருந்து பிடிக்கு இழுத்தால் தோலைப் பிடித்தது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனேன். அசலில் பற்கள் இரண்டு வரிசையாக, தடித்த முக்கோணமாக, நிமிர்ந்து நிற்கும். இதில் ஒரே வரிசை. பொடிப்பொடியாக, எல்லாம் பிடியைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. உளியால் ஒவ்வொன்றாகக் கொத்தியது. படத்தில் அலகு உறைக்குள் இருந்ததால் நான் பார்க்கவில்லை.

"இங்க தொட்டுப் பாரு" என்றேன்.

தொட்டாள். ஒரு நொடிதான். "இது கதிர் அருவாப் பல்லுல்லா" என்றாள்.

நெல் அறுக்கும் அரிவாள். கதிரைப் பிடித்துத் தன் பக்கம் இழுக்கும்போது அறுப்பதற்காகச் சாய்ந்த பல். உலகத்தில் எந்தத் தொழிற்சாலையும் விமானிக்கு இந்தப் பல்லைப் போட்டிருக்காது.

"அப்ப இது போலியா அக்கா?"

"போலிம்மா."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"போலி. சுத்தப் போலி. பத்து பைசா பெறாது."

அவள் இரண்டு கையையும் கூப்பிவிட்டாள். போலி என்று நான் சொல்லிக் கேட்டு முகம் சுளித்தவர்கள் உண்டு, சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. கும்பிட்டவள் இவள் ஒருத்திதான். ஆனால் ஒரு முறை அவசரப்பட்டுச் சூடு பட்டவள் நான். செய்தவனே சொல்லட்டும் என்றேன்.

மறுநாள் காலை அருணாசல ஆசாரியின் பட்டறைக்குப் போனோம். அந்தச் சுற்றுவட்டத்தில் அரிவாள் என்றால் அவர்தானாம். எழுபது வயதுக்காரர், இரும்பை அடிக்க மின்சாரச் சம்மட்டி, பக்கத்தில் வெல்டிங் மிஷின், கேரளாவுக்குப் போக வேண்டிய வாழை வெட்டுக் கத்திகள் சாக்குச் சாக்காக. எங்களை நிற்கவைத்தே இரண்டு பேரிடம் போனில் பேசி முடித்தார். பிறகு கத்தியைப் பார்த்தார்.

"இது பிளேன்கார அண்ணாச்சி கத்தில்லா" என்றார்.

இசக்கியம்மாள் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"பட்டாளத்துல இருந்து வந்த மறு வருசம். சாயங்காலமானா வந்து நிப்பாரு. நோட்டுல படம் வரைஞ்சு வச்சிருந்தாரு. அளவுல ஒரு நூல் பிசகக் கூடாதும்பாரு. லாரி ஸ்பிரிங் பட்டையில அடிச்சேன். பிடிக்குத் தோலு அவரே செருப்புக் கடையில வாங்கி வட்டம் வட்டமா வெட்டிட்டு வந்தாரு. எல்லாம் சரி. பல்லுலதான் தகராறு."

"என்ன தகராறு?" என்றேன்.

"நிமிந்து நிக்கணும்னாரு. நிமிந்த பல்லு எதை வே அறுக்கும்னு கேட்டேன். பிளேனை அறுக்கும்னாரு. களக்காட்டுல எங்கன வே பிளேன் நிக்குன்னு கேட்டேன். பல்லுன்னா இழுத்தா அறுக்கணும். வேற மாதிரி எனக்குக் கை வராதுன்னுட்டேன். மூணு நாள் முறைச்சிட்டு, சரி போடும்னுட்டாரு."

குவியலிலிருந்து ஒரு புதுக் கதிர் அரிவாளை எடுத்துக் கத்தியோடு சேர்த்து வைத்தார். பல்லுக்குப் பல் அப்படியே இருந்தது.

"எதுக்காம் அவருக்கு இந்தக் கத்தி?"

"நானும் கேட்டேன். இருவது வருசமா தினம் இதை எண்ணிக் குடுத்து எண்ணி வாங்கியிருக்கேன் ஆசாரி, ஒண்ணுகூடக் குறைஞ்சதில்ல, இப்பம் கை தேடுதுன்னாரு." ஆசாரி சம்மட்டியின் பொத்தானைப் பார்த்தபடி சொன்னார். "வீட்டுல காட்டும் வேன்னேன். காட்டினா எடுத்துட்டு வந்தேம்பாவ, செஞ்சேன்னு சொன்னா கிறுக்கும்பாவன்னு சிரிச்சாரு."

கத்திக் கிறுக்கு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எனக்கும் ஒன்று அடித்துக் கொடுங்கள், ஆனால் பல் மட்டும் நிமிர்ந்து இருக்கட்டும் என்று கேட்டேன். முடியாது என்றார். சரி, சாய்ந்த பல்லே போடுங்கள் என்றேன். ஆசாரி அதற்கு ஒத்துக்கொண்டார்.

அங்கிருந்து நேராக சித்தப்பா சுடலைமுத்துவின் வாழைத் தோட்டம். இசக்கியம்மாள் வரப்பில் என்னை முன்னால் விட்டுப் பின்னால் வந்தாள். ஏத்தன் வாழை, எங்கள் ஊரில் நேந்திரன் என்போமே அது, குலை தள்ளி நின்றது. ஒவ்வொரு மரத்துக்கும் முட்டுக் கம்பு, கயிறு. மலைக்காற்று அடித்தால் ஒரே நாளில் தோட்டமே படுத்துவிடும் என்று அவள் சொன்னாள்.

சித்தப்பா எங்களைப் பார்த்தும் கயிறு கட்டுவதை நிறுத்தவில்லை. "கத்திக்காரியைக் கூட்டிட்டு வந்திருக்கியா? அது அசலுன்னு இவங்கதானே சொன்னது?"

"நான்தாங்க சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். இந்த வாக்கியத்தை என் மாணவர்கள் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள்.

"சொல்லுவிய. இவ சொல்லச் சொன்னா மாத்திச் சொல்லுவிய" என்றவர் திரும்பினார். "நான் எதுக்குத் திருடன்னு சொன்னேன்னு இவகிட்ட கேளுங்க. லீவுக்கு வந்த அண்ணன்கிட்ட, கழிச்சுப் போட்ட பாராசூட் கயிறு இருந்தா கொஞ்சம் கொண்டா, வாழை கட்டணும்னு கேட்டேன். கழிச்சுப் போட்டதுதான் கேட்டேன். அரசாங்கச் சொத்துன்னு ஒரு முழம் தரமாட்டேன்னுட்டான். அந்த வருசக் காத்துல எனக்குத் தோட்டமே போச்சு. தம்பிக்கு ஒரு முழக் கயிறு இல்ல, தனக்கு மட்டும் கத்தியா? பெட்டியைத் திறந்து பாத்ததும் எனக்கு வயிறு எரிஞ்சுது."

இசக்கியம்மாள் உறையிலிருந்து கத்தியை எடுத்து, வழக்கப்படி கீழே வைக்கக் குனிந்தாள்.

"இனி என்ன புதுசாச் சண்டை வரப்போவுது, கையிலயே குடு" என்று வாங்கிக்கொண்டார்.

நான் விளக்க வாயைத் திறந்தேன். தேவைப்படவில்லை. நெல்லும் வாழையுமாக வாழ்ந்த மனிதர். அவர் கட்டைவிரல் தானாகவே முதுகுப் பக்கம் போயிற்று. நுனியிலிருந்து பிடிக்கு ஒரு இழுப்பு. மறுபடியும் ஒன்று.

"இது அருணாசலம் பல்லு" என்றார்.

"ஆமா சித்தப்பா. அப்பா அவர்கிட்டச் சொல்லிச் செஞ்சது. இப்பம்தான் கேட்டுட்டு வாரோம்."

வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கத்தியை மடியில் வைத்துக்கொண்டு தோட்டத்தைப் பார்த்தார். "அப்ப அவன் தனக்கும் ஒண்ணும் எடுத்துக்கிடலையா" என்றார். அதை எங்களிடம் கேட்ட மாதிரி தெரியவில்லை.

எழுந்து கத்தியை அவளிடம் நீட்டி, "ரேஷன் கடை வாசல்ல நின்னுல்லா சொன்னேன்" என்றார்.

"ஆமா" என்றாள். அவள் அதை மழுப்பவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் காலை. எனக்குப் பதினொரு மணிக்குப் பேருந்து. இசக்கியம்மாள் கடையைத் திறந்தபோது நானும் ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வரிசையில் பத்துப் பதினைந்து பேர். அவள் சொன்னது உண்மைதான். சீனி தராசில் விழும்போது எல்லாக் கண்ணும் தராசின் சிவப்பு எண்களில்தான் இருந்தது. "இன்னொரு மட்டம் நிறு தாயி" என்றாள் ஒருத்தி. இசக்கியம்மாள் முகம் மாறாமல் இன்னொரு முறை நிறுத்தாள்.

சுடலைமுத்து வந்து வரிசையில் கடைசியாக நின்றார். ஒரு மாதமாகத் தன் கார்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தாராம். முன்னால் போகச் சொன்னவர்களிடம் வேண்டாம் என்று தலையாட்டினார். முறை வந்ததும் உள்ளே பார்க்கவில்லை. வரிசையைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. எங்க அண்ணன் பட்டாளத்துல இருந்து எதையும் எடுத்துட்டு வரல்ல. அந்தக் கத்தி அருணாசல ஆசாரி பட்டறையில செஞ்சது. வேணும்னா போய்ப் பல்லைத் தொட்டுப் பாத்துக்கிடுங்க. இங்கன நின்னு நான் சொன்னது தப்பு."

பிறகு அவள் பக்கம் திரும்பினார். அவர் கார்டை எடுத்து நீட்டினார்.

"சீனி போடு."

அவள் போட்டாள். கொஞ்சம் சிந்தியதைத் துடைத்துவிட்டுத் தராசை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். "அளவைப் பாத்துக்கிடுங்க சித்தப்பா."

அவர் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு, தராசைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தார்.

"பாக்க வேண்டாம். கொட்டு."